கரைப்பானுக்கும் கணக்குக் கேளுங்கள்

இயற்கை வளம், சுற்றுச்சூழல் நிலைத்தன்மை அமைச்சின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மலேசியாவின் கார்பன் பிடிப்பு, பயன்பாடு, சேமிப்புச் சட்டம் 2025-இல் நிறைவேறிவிட்டது. ஆலைப் புகையிலிருந்து பிடித்த கரியமில வாயுவை எங்கே புதைப்பது, கசிந்தால் யார் பொறுப்பு என்று நிறையப் பேசுகிறார்கள். அதைப் பிடிக்கிற திரவத்தைப் பற்றித்தான், அதாவது அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த கரைப்பானைப் பற்றித்தான், பேச்சே காணோம். எரிவாயு ஆலை ஆய்வகத்தில் அமீன் மாதிரிகளைச் சோதித்தே காலம் தள்ளிவிட்டு, இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருப்பவன் நான்.

"அமீன் 1930-இலேயே காப்புரிமை பெற்ற பழைய சரக்கு, எரிவாயு ஆலைகளில் ஓடாததா?" என்பார்கள். ஓடுகிறது. ஆனால் இயற்கை எரிவாயுவில் ஆக்சிஜன் இல்லையென்றே சொல்லலாம். அனல்மின் நிலையப் புகையில் அமீனைச் சிதைக்கும் ஆக்சிஜனும் உண்டு, நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டு. எரிவாயு ஆலையில் பெற்ற அனுபவத்தைப் புகைக்கு அப்படியே சான்றாகக் காட்டுவது செல்லாது.

வேலை என்னவோ எளியது. சுமார் 40 பாகை செல்சியஸில், புகை ஏறும் கோபுரத்தில் இறங்கும் கரைப்பான் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். 120 பாகைக்குச் சூடேற்றினால் விட்டுவிடும். ஆறவைத்து மறுபடி கோபுரத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சிதையும். மோனோஎத்தனாலமைன் என்ற அமீன் புதிதாக இருக்கையில் தண்ணீர்போல் தெளிந்திருக்கும். நாள்பட்ட மாதிரியைப் புட்டியில் பிடித்தால் கோப்பி-ஓ நிறம். மூடியைத் திறந்ததும் அம்மோனியா மூக்கில் ஏறும்.

ஒரு டன் வாயுவைப் பிடிக்க ஏறத்தாழ 1.5 கிலோ மோனோஎத்தனாலமைன் வீணாகும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிக்கும் ஆலையில் அது 1,500 டன். புதிய கலவைகளில் இழப்பு குறைவு என்கிறார்கள் விற்பவர்கள். கலவை என்னவென்று கேட்டால் வணிக இரகசியமாம்.

வீணானதில் ஒரு பங்கு கசடாகத் தேங்கும். இன்னொரு பங்கு புகைபோக்கி வழியே வெளியேறும். சிதைவில் உண்டாகும் இரண்டாம் நிலை அமீன்களோடு நைட்ரஜன் ஆக்சைடுகள் சேர்ந்தால் நைட்ரோசமீன்கள் பிறக்கின்றன. இவற்றில் பல புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. நோர்வே இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மோங்ஸ்டாட் என்ற இடத்தின் கார்பன் பிடிப்புத் திட்டத்தின்போது, 2011-இல், அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனம் நைட்ரோசமீன், அதை ஒத்த நைட்ரமீன் இரண்டும் சேர்ந்து காற்றில் கன மீட்டருக்கு 0.3 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு), குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பைப் பரிந்துரைத்தது.

குடிநீர் என்றதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு 2020 செப்டம்பர் நினைவுக்கு வரும். ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் யாரோ விட்ட கழிவின் வாடை சுங்கை சிலாங்கூர் வரை வந்ததால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். அது மூக்குக்குத் தெரிந்த கேடு. நானோகிராம் அளவு நைட்ரோசமீன் எந்த மூக்குக்கும் தெரியாது.

நான் கார்பன் பிடிப்புக்கு எதிரியல்லன். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போதே வாயுவை விடும் சிமெண்ட் ஆலைக்கு வேறு வழி அதிகமில்லை. நான் கேட்பது இவ்வளவே: கரைப்பானின் கலவை முழுவதும் சுற்றுச்சூழல் துறையின் கையில் இருக்க வேண்டும், இரகசியம் என்ற சாக்கு அங்கே எடுபடக்கூடாது. புகைபோக்கியில் அமீனையும் நைட்ரோசமீனையும் அளந்து, அந்த எண்களை மாதந்தோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எத்தனை டன் கரைப்பான் வாங்கினார்கள், எத்தனை டன் கசடு போனது, எங்கே போனது என்பது கணக்கில் வர வேண்டும். ஆற்று நீரேற்று நிலையங்களுக்கு மேற்புறத்தில் இத்தகைய ஆலைக்கு அனுமதி கூடாது. இவையெல்லாம் முதல் உரிமத்துக்கு முன்பே விதிகளில் எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்