ஆறு கெட்டுப்போனால் எந்த இயந்திரம் காப்பாற்றும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகத் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், சவ்வு வடிகட்டிகள் என்று பலவற்றையும் விளக்கிய கட்டுரையாளர், தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்த பிறகு தண்ணீருக்குப் பயப்படத் தேவையில்லை என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெஸ்தாரி ஜெயாவில் வசிக்கிறேன். பழைய ஆட்களிடம் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் ஊர் விளங்கும்.

சிலாங்கூர் ஆறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. கோலாலம்பூரும் அதைச் சுற்றிய நகரங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. கோலாலம்பூரில் குழாயைத் திறப்பவர் எங்கள் ஆற்றைத்தான் திறக்கிறார்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சுத்திகரிப்பை விளக்குவது சுலபம். பால் ஸ்டோரில் பார்த்திருப்பார்கள். தொட்டியில் ஊற்றிய ரப்பர் பாலில் அமிலத்தைக் கலந்தால் பால் உறைந்து கட்டியாகும், நீர் தனியே பிரியும். ஆற்று நீரிலும் ஏறக்குறைய இதே வேலைதான் நடக்கிறது; அமிலத்துக்குப் பதில் படிகாரம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் பாட்டிமார் கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்களே, அதுவும் இந்த வகைதான்.

காலையில் எங்கள் முதல் வேலை ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஆற்று நீரை ஊற்றி வரிசையாக வைப்பது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரக் கரைசல். சிறு துடுப்புகள் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் சுழலும். பால் கலந்த தேநீர் போல் கலங்கியிருக்கும் நீரில் கொஞ்ச நேரத்தில் பஞ்சுத் துணுக்குகள் போலக் கட்டிகள் தென்படும். எந்தக் குவளையில் அவை பெரிதாகி விரைவாக அடியில் இறங்குகின்றனவோ, அதில் விட்ட அளவுதான் அன்றைக்கு நிலையம் முழுவதற்கும். இரவில் மலையில் மழை பெய்தால் மறுநாள் கணக்கு மாறிவிடும். அதன் பிறகு தெளிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, குளோரின். நாட்டில் பெரும்பாலான நிலையங்கள் இந்த வழியில்தான் நடக்கின்றன. நூறாண்டுப் பழைய முறை என்றாலும் நல்ல முறை.

ஆனால் இந்த முறைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. சேற்றைப் பிடிக்கும், கிருமியைக் கொல்லும். தண்ணீரில் கரைந்துபோன பொருளை அது பிடிக்காது. அம்மோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பைமேட்டின் கசிவு, சரியாகச் சுத்தம் செய்யாத சாக்கடை நீர், கோழி, பன்றிப் பண்ணைகளின் கழிவு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆற்று நீரில் அம்மோனியா இருந்தால், கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் முதலில் அதனோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். ஒரு பங்கு அம்மோனியாவை ஒழிக்க எட்டுப் பங்கு, பத்துப் பங்கு குளோரின் கொட்ட வேண்டும். நிலையத்துக்குள் வரும் ஆற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா இருக்கக் கூடாது என்று மலேசியச் சுகாதார அமைச்சு வரம்பு வைத்திருப்பது அதனால்தான். வரம்பைத் தாண்டினால் மதகை மூடுவது ஒன்றே வழி. ஜொகூரின் சிம்பாங் ரெங்காம் மக்கள் குப்பைமேட்டுக் கசிவால் எத்தனை முறை வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள் என்பது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

வாடை இன்னும் கொடியது. அதை அளக்கக் கடைசியில் மனித மூக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. தண்ணீரைக் குடுவையில் சூடாக்கி, மூடிக் குலுக்கி, மூடியைத் திறந்த நொடியில் முகர்வோம். வாடை வந்தால் வாடையில்லாத நீரைச் சேர்த்து மறுபடி முகர்வோம். வாடை மறைய எத்தனை மடங்கு நீர் சேர்க்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வெற்றிலை போட்டவரும் அத்தர் பூசியவரும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்தின் கோங் ஆற்றில் யாரோ எதையோ கொட்டினார்கள். கரைப்பான் போன்ற வாடை சிலாங்கூர் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்று நீரை எடுக்கும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களையும் நிறுத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர் இணைப்புக் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கோவிட் காலம் அது. அடிக்கடி கை கழுவுங்கள் என்று வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருக்கும் அக்காவுக்கு அப்போதே எழுபது வயது தாண்டியிருந்தது. இருபது ஆண்டுகள் காண்டாக் கம்பில், அதாவது தோளில் வைக்கும் சுமைக் கம்பில், ரப்பர் பால் வாளி சுமந்த தோள் அவருக்கு. லாரியில் பிடித்த தண்ணீரை இரண்டு சின்ன வாளிகளில் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் வாளியைக் கீழே வைத்துச் சுவரைப் பிடித்து நின்று நின்று ஏறினார். நான் வாங்கிக்கொள்ளப் போனேன். “வேண்டாம் தம்பி, சிந்திவிடும்” என்றார். ஆற்றில் இறங்கும் கழிவுக்குழாயைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் கண்முன் நிற்கிறது.

செம்பனை ஆலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் சோறு அதில்தான் வந்தது. குறை சொல்ல மனம் கூசுகிறது. ஆனாலும் உண்மை உண்மைதான். எண்ணெய் பிழிந்த பின் வெளிவரும் பழுப்புக் கழிவில் விஷம் எதுவும் இல்லை. எல்லாம் பழத்திலிருந்து வந்ததே. ஆற்றில் விழுந்தால் அதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன, மீன் செத்து மிதக்கிறது. அந்த ஆக்சிஜன் தேவை சுத்தம் செய்யாத கழிவில் லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977இலேயே விதி வந்துவிட்டது; அது படிப்படியாக இறுகி, ஆற்றில் விடும்போது 100க்கு மேல் போகக் கூடாது என்று 1984இல் ஆனது. குளம் குளமாகத் தேக்கி, நுண்ணுயிர்களைத் தின்னவிட்டு அந்த அளவுக்கு இறக்குகிறார்கள். முறையாகச் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. குளத்தின் அடியில் படியும் வண்டலை அள்ளாமல் விட்டால் குளம் மேடாகிவிடும். பெருமழையில் அரைகுறையாகச் செரித்த கழிவு கரை வழிந்து ஓடைக்குப் போகும். இதைத் தடுக்கப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. காலத்தில் தூர் வாரினால் போதும். வாரிய வண்டல் செம்பனைக்கே உரமாகும்.

கட்டுரையாளர் புகழ்ந்த சவ்வு முறையை நான் மறுக்கவில்லை. கடல்நீரின் உப்பைப் பிரிக்கும் சவ்வை 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப்புடன் சேர்ந்து உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பதில் எனக்குப் பெருமைதான். சிங்கப்பூர் 2003 முதல் கழிவுநீரையே சவ்விலும் புற ஊதாக் கதிரிலும் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துகிறது. நிலமில்லாத, பெரிய ஆறில்லாத நாடு; அதற்கு அது தேவை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த சென்னைக்கும் கடல்நீர் ஆலை தேவை. ஆனால் ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் நாட்டில், வீட்டு வாசலில் ஓடும் ஆற்றைக் கெடுத்துவிட்டுக் கடலிடம் கையேந்துவது என்ன நியாயம்? போதாக்குறைக்கு, சுத்தம் செய்து அனுப்பும் தண்ணீரில் நாடு முழுவதும் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடைந்த குழாய்களிலும் திருட்டு இணைப்பிலும் கணக்கில்லாமல் போகிறது. நான் மூக்கு வலிக்க முகர்ந்து பார்த்து அனுப்பிய தண்ணீர் ரோட்டோரப் புல்லுக்குப் பாய்வதைப் பார்க்க வயிறு எரிகிறது.

உலகில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லை என்று ஐ.நா. அமைப்புகள் 2023இல் அறிவித்தன. அந்த எண்ணைப் படிக்கும்போது ஆப்பிரிக்காதான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு நான் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, நினைவுக்கு வருகிறது. தோட்டக் குட்டையிலிருந்து இறைத்த தண்ணீர், துணியில் வடிகட்டினாலும் குடத்தின் அடியில் விரல் கனத்துக்குச் செம்மண். தொழிலாளர் குடியிருப்புக்கு இலவசமாகக் குழாய் நீர் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதற்கு முன்பே எங்கள் தலைமுறை அந்தச் செம்மண்ணைக் குடித்து வளர்ந்துவிட்டது.

சட்டத்துக்கும் இப்போது குறையில்லை. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்ச வரம்பு 1 கோடி வெள்ளியாக (ரிங்கிட்) உயர்ந்திருக்கிறது. ஆனால் கொட்டியவன் யார் என்று தெரிந்தால்தானே அபராதம்? மேல்நிலை ஓடைகளில், தொழிற்பேட்டைகளும் குப்பைமேடுகளும் ஆற்றோடு சேரும் ஒவ்வொரு வாயிலிலும் ஆள் நின்று பார்க்க வேண்டும், கருவி நின்று அளக்க வேண்டும். நிலையத்தின் மதகில் வாடை தெரிகிறபோது காரியம் கைமீறிவிட்டிருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வானிலைக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு இடம் ஒதுக்குங்கள். சிலாங்கூர் ஆறு, லங்காட் ஆறு, ஜொகூர் ஆறு ஆகியவற்றின் அன்றைய அம்மோனியா அளவைச் சம்பந்தப்பட்ட இலாகாவிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். தர மறுத்தால், மறுத்தார்கள் என்று அந்தக் கட்டத்திலேயே அச்சிடுங்கள். எண்ணைப் படித்துப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர நான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கோவில் மண்டபத்தில் பத்துப் பேர் கூடினாலும் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நீர் ஆய்வுக்கூட ஊழியர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்