வரி நோட்டில் இல்லாத தெரு: தமிழக ஆயர் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர்களுக்கு,

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க.

எனக்குப் பன்னிரண்டு வயதில் எங்கள் பங்கின், அதாவது எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த சமூகத்தின், திருவிழா வரி நோட்டைச் சுமக்கும் வேலை கிடைத்தது. சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. பெரியப்பா வீடு வீடாகப் போய்த் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்ற திருவிழா வரி, வாங்குவார். நான் பின்னால் நின்று பெயரையும் தொகையையும் எழுதுவேன். தெருவுக்கு ஒரு பக்கம். மேலத்தெரு, நடுத்தெரு, கோவில் தெரு என்று வரிசையாக வரும். தென்கோடித் தெருவுக்கு மட்டும் நோட்டில் பக்கமே கிடையாது. அங்கேயும் நாற்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன, எல்லாம் தலித் குடும்பங்கள். ஞாயிறு பூசைக்கு எங்களுக்கு முன்பே வந்துவிடுவார்கள்.

ஒருநாள் அந்தத் தெருமுனையில் ஒரு பாட்டி எங்களை நிறுத்தினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய நோட்டுகளை நீட்டி, “எங்க வீட்டையும் எழுதிக்கங்க சாமி” என்றார். பெரியப்பாவுக்கு அவர் மகன் வயதுகூட இருக்காது. “உண்டியல்ல போட்டுரு” என்று ஒருமையில் சொல்லிவிட்டு நடந்தார். நானும் நோட்டை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

உண்டியலில் போட்டால் என்ன, வரியாகக் கொடுத்தால் என்ன, எல்லாம் மாதாவுக்குத்தானே என்று ஊருக்குப் புதிதாக வரும் சாமியார்கள் கேட்பதுண்டு. உண்டியலில் யார் வேண்டுமானாலும் போடலாம், வழியில் போகிறவரும் போடலாம். வரி அப்படி இல்லை. வரி கட்டிய தலைக்கட்டுக்குத் திருவிழாக் கூட்டத்தில் பேச்சு உண்டு. கணக்குக் கேட்கலாம், ஒருநாள் மண்டகப்படி கேட்கலாம். சப்பரம் அந்த வீட்டு வாசலில் நிற்கும். மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வரி வாங்க மறுத்தால் இதில் ஒன்றுமே கிடையாது. வாயால் யாரும் யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை, நோட்டே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நம் திருவிழாக்கள் இந்த மண்ணில் எவ்வளவு ஊறியவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணியை நோக்கிக் காவி உடுத்தி நடக்கிறவர்களில் யார் கிறிஸ்தவர், யார் இந்து என்று பார்த்தால் தெரியாது. மொட்டை அங்கேயும் உண்டு. அந்தோணியாருக்கு உப்பும் மிளகும் போடுகிறோம். தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஜூலை 26-ல் கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரை ஊரே வேறு ஊராகிவிடும். டிசம்பரில் காகித நட்சத்திரம் கட்டுகிற வீடுகளில் பாதி கிறிஸ்தவ வீடுகளாக இராது. பண்பாட்டுமயமாதல் என்று கருத்தரங்குகளில் இதைப் பெருமையாகப் பேசுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் ஊர் இந்துக் கோவிலிலிருந்து தேரை எடுத்துக்கொண்டபோது, தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்ற கணக்கையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். அதைப் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. ஒருவேளை நான் போகாத கருத்தரங்கில் பேசியிருக்கலாம்.

எங்கள் ஊரோடு முடிகிற விஷயமாக இருந்தால் எங்கள் ஆயருக்கு ஒரு கடிதத்தோடு நிறுத்தியிருப்பேன். அன்றைய விழுப்புரம் மாவட்டம் ஏறையூரில் 2008 மார்ச்சில் கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் நடந்த சாதி மோதல் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்து இரண்டு உயிர் போனது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்து தலித் கத்தோலிக்கர்கள் பங்கில் சம உரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். பங்குக்குள் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்று டெல்லிக்குப் போனதில் எனக்கு வெட்கம்தான்.

திருச்சபையால் முடியாத காரியம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் கோவிலுக்கு உள்ளேயே சாதி பார்த்து இடம் பிரித்திருந்த தடுப்பை 1910-ல் இடித்தவர்கள் குருக்கள்தான். எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆயர் பக்கம் தீர்ப்பானது. அதே வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதரானார். அதற்கு முன்பே, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை ரோம் எடுத்துவிட்டது. ரோமிலேயே எடுத்தாகிவிட்டது, எங்கள் ஊர் நோட்டில் எடுக்க முடியாதா?

2016 டிசம்பரில் இந்திய ஆயர்கள் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது, 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அவர்களே எழுதினார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கருப்பு நாளாக அனுசரிக்கிறோம். தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை மறுத்த 1950-ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்துக் கோவில் வாசலில் கருப்புக்கொடி கட்டுகிறோம். நியாயமான கோரிக்கை, நானும் கொடி பிடித்திருக்கிறேன். எங்கள் ஊரில் அந்தக் கருப்புக்கொடி ஏறும் வாரத்தில்தான் விண்ணேற்பு மாதா திருவிழாவுக்கு வரி வசூல் மும்முரமாக நடக்கும். பட்டியலில் சேர் என்று அரசாங்கத்திடம் கேட்கிறோம். எங்கள் பட்டியலில் நாங்கள் சேர்க்கவில்லை.

போன திருவிழாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வரி ஜிபேயில் வருகிறது. குழுவின் நம்பர் நோட்டீஸிலேயே அச்சாகிறது, துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அனுப்புகிறார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் அந்தத் தென்கோடித் தெருப் பையன் ஒருவன் 1,500 ரூபாய் அனுப்பி, “தலைக்கட்டு வரி” என்று குறிப்பும் போட்டிருந்தான். பத்து நிமிடத்தில் பணம் அவனுக்கே திரும்பிவிட்டது. கூடவே ஒரு செய்தி: “தம்பி, நன்கொடைன்னு போட்டு அனுப்புங்க, வாங்கிக்கிறோம்.” போனில் அதை என்னிடம் காட்டினான். எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒருமை மாறி ‘தம்பி’, ‘அனுப்புங்க’ என்று வந்திருக்கிறது, முப்பத்தைந்து வருடத்தில் நாங்கள் நடந்த தூரம் அவ்வளவுதான்.

குழுவில் கேட்டால் பதில் தயாராக இருக்கும். தெரு குறுகல் என்பார்கள். அதே தெருவில் அறுவடைக்கு நெல் அறுக்கும் மெஷின் போய்வருகிறது, எங்கள் சப்பரம் வருவது டிராக்டர் டிரெய்லரில். கரண்டுக் கம்பி தாழ்வாக இருக்கிறது என்பார்கள். நடுத்தெருவிலும் தாழ்வுதான், அங்கே இரண்டு பேர் கவைக்கம்பால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அப்புறம் கடைசியாக, “பிரச்சினை வரும்” என்பார்கள். இந்த ஒரு பதிலுக்குத்தான் பங்குத்தந்தையர் பயப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஐந்தாறு வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர் தனியாக ஊரை எதிர்த்து எப்படி நிற்பார்? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கொடியை மந்திரிக்காமல் எந்த ஊரிலும் கொடி ஏறாது. திருவிழாத் திருப்பலி இல்லாமல் சப்பரம் கிளம்பாது. இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. சாதி பாவம் என்று இன்னொரு சுற்றுமடல் வேண்டாம், அது பூசை அறிவிப்போடு வாசிக்கப்பட்டு முடிந்துவிடும். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு ஒவ்வொரு பங்கும் மறைமாவட்ட அலுவலகத்துக்கு மூன்று தாள்களை அனுப்பட்டும்: பங்கின் எல்லாத் தலைக்கட்டுகளும் இருக்கிற வரிப் பட்டியல், சப்பரம் போகும் தெருக்களின் பெயர், குழு உறுப்பினர் பட்டியல். பங்கின் குடும்பப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் எந்தத் தெரு விடுபட்டிருக்கிறது என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். விடுபட்டிருந்தால் அந்த வருடம் கொடி இல்லை. திருப்பலி மட்டும், கோவிலுக்குள், எல்லோருக்கும். எல்லா மறைமாவட்டமும் ஒரே வருடத்தில் தொடங்கட்டும். இல்லாவிட்டால், “பக்கத்து மறைமாவட்டத்தில் நடக்கிறதே” என்று ஒரு கூட்டம் உங்கள் வாசலில் வந்து நிற்கும். அதில் என் சொந்தக்காரர்களும் இருப்பார்கள்.

ஒரு வருடம் கொடி ஏறாவிட்டால் எங்கள் ஊர் தாங்காது. வெளிநாட்டிலிருந்து டிக்கெட் எடுத்தவர்கள் குழுவைச் சும்மா விடமாட்டார்கள். அடுத்த வருடமே நோட்டில் ஒரு பக்கம் கூடும் என்று நான் நம்புகிறேன்.

பெரியப்பா இறந்து வெகுநாளாகிறது. நோட்டு இப்போது என் தம்பி மகனிடம். இந்த மடலை அவனுக்கும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
வரி நோட்டில் 47-ஆம் தலைக்கட்டு