வின்னிபெக்கிலிருந்து அம்மாவுக்கு

வின்னிபெக்,
5 மார்ச் 2026

அன்புள்ள அம்மா,

நான் நலம். குளிர் இன்னும் விட்டபாடில்லை. வேலை பரவாயில்லை. புளி, பெருங்காயம் எல்லாம் கிடைக்கிறது, கவலைப்படாதே.

பூசைக்குப் போகிறாயா என்று கேட்டாயே, போகிறேன். சனி மாலைப் பூசைக்கு. அது ஞாயிறு கணக்கில்தான் சேரும். நான் வீடு திரும்புகிற நேரத்தில் நீ பெரம்பூர் கோயிலுக்குக் காலைப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய். பூசையில் வாசிக்கிற பைபிள் பகுதிகள், அதாவது வாசகங்கள், இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

புதன் மாலை இங்கே பங்குக் கோயில் ஹாலில் வரப்போகிற ஞாயிறின் வாசகங்களைச் சேர்ந்து வாசிக்கிறோம். பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர்கள், ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்கப்போகிறவர்களும் உண்டு. யாரும் பிரசங்கம் வைப்பதில்லை, அதுவே பெரிய நிம்மதி. ஒருவர் வாசிப்பார், கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம், அப்புறம் மனதில் பட்டதைச் சொல்வோம்.

வாசகங்களின் இந்த மூன்றாண்டுச் சுழற்சி 1969இல் வந்ததாம். அதற்கு முன் வருஷா வருஷம் அதே பகுதிகள்தான். இப்போது ஓர் ஆண்டு மத்தேயு நற்செய்தி, அடுத்து மாற்கு, அப்புறம் லூக்கா. இது மத்தேயு ஆண்டு. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் யோவானும் வந்துவிடுவார்.

போன ஞாயிறு ஆபிராம் சொந்த ஊரை விட்டுப் புறப்பட்ட பகுதி. எனக்கென்றே வைத்தது போல இருந்தது. வாசகம் அவர் கிளம்பியதோடு நின்றுவிட்டது. வீட்டில் பைபிளைத் திறந்தால் அதே வசனத்தின் மிச்சம்: அப்போது அவருக்கு வயது 75! அப்பா வயதில் மூட்டை கட்டியிருக்கிறார். இருபத்தைந்தில் வந்துவிட்டு நான் புலம்புகிறேன்.

வரும் ஞாயிறுக்கு, தண்ணீர் எடுக்க வந்து கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண். முதல் வாசகத்தில் தண்ணீர் இல்லாமல் மக்கள் மோசேயிடம் சண்டைக்கு நிற்கிறார்கள். நேற்று அதை வாசித்ததும் நம் தெருவில் 2019 கோடையைப் பற்றிச் சொன்னேன். லாரி வருமுன்னே வரிசை கட்டிய குடங்கள், இடம் பிடிக்க நீ வைத்த விளிம்பு உடைந்த பச்சைக் குடம், அதை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று நீ போட்ட சத்தம். கேட்டுவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு நர்ஸ், "அப்படியானால் அந்தச் சமாரியப் பெண் ஏன் உச்சி வெயிலில் தனியாக வந்தாள்?" என்றார். ஊர் வாய்க்குப் பயந்துதான் என்றேன். பைபிள் காரணம் சொல்லவில்லை, இது என் ஊகம். கடைசியில் அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறாள். எத்தனையோ தடவை கேட்ட கதை, இந்தக் குடம் மட்டும் என் காதில் விழுந்ததே இல்லை. நீயென்றால் எதற்காகக் குடத்தை விட்டுவிட்டுப் போவாய்?

அடுத்த வாரம் பிறவிக் குருடருக்கு இயேசு பார்வை தருகிற பகுதி, யோவான் 9. கொஞ்சம் நீளம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு படிக்கச் சிரமமாக இருந்தால் நீ வாசித்துக் காட்டு. முதல் வாசகத்தையும் விட்டுவிடாதே, தாவீதை அரசனாகத் தேர்ந்தெடுக்கிற பகுதி. இரண்டையும் ஏன் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அப்பாவிடமே கேள். இந்த ஞாயிறு முதல் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், அதைப் பார்த்து போன் பண்ணு.

அன்புடன்,
உன் மகன்