எர்த்தும் நியூட்ரலும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், 'எர்த் இல்லாத வீடுகளில் ப்ளக் பாயின்ட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சிறு வயரால் இணைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுதான்' என்று அச்சாகியிருக்கிறது. தங்கள் பத்திரிகையில் வந்ததென்றால் நம்பிச் செய்துவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை மண்ணோடு சேர்த்திருப்பது தாங்கள் அறிந்ததுதான். வீட்டுக்குள் இரண்டுக்கும் வேலை வேறு. மிஷின் ஓடும்போதெல்லாம் கரண்டைத் திருப்பி எடுத்துப்போவது நியூட்ரல். மிஷினின் உடம்பை மண்ணோடு சேர்ப்பது எர்த்; எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அதில் கரண்டே போகக் கூடாது. குறிப்பில் சொன்னபடி இணைத்த வீட்டில், கம்பத்திலோ மெயின் போர்டிலோ நியூட்ரல் விட்டுப்போனால் என்ன ஆகும்? ஒரே ஒரு விளக்குக்கு ஸ்விட்ச் போட்டிருந்தாலும் போதும், ஃபேஸ் (கரண்ட் உள்ளே வரும் வயர்) அந்த விளக்கின் வழியாக நியூட்ரல் வயருக்கு வந்து, அந்தச் சிறு வயரில் ஏறி ஃபிரிட்ஜின் உடம்புக்குப் போய்விடும். ஃபிரிட்ஜில் எந்தப் பழுதும் இருக்காது. வெறுங்காலோடு கதவைத் திறப்பவரின் கையில் 230 வோல்ட் இருக்கும்.

எர்த் குழி உள்ள வீட்டில் இதே இணைப்பைக் கொடுத்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு மண்ணுக்குப் போகும்; அதனால் ஆர்.சி.சி.பி. (மண்ணுக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) நிற்காமல் ட்ரிப் ஆகும். அதைத் தொல்லையென்று கழற்றிவிட்டு டைரக்ட் கொடுப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

எர்த் என்ற சொல்லே இங்கே படாதபாடு படுகிறது. தொட்டால் ஷாக் அடிப்பதற்கு 'எர்த் அடிக்குது' என்கிறார்கள். அடிப்பது ஃபேஸ், எர்த் சரியில்லாததால்தான் அடிக்கிறது. பச்சை வயரும் எர்த், உப்பும் கரியும் போட்டுப் புதைத்த குழாயும் எர்த். பச்சை வயர் தெரிந்தாலே எர்த் இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பு போட்டுப் பார்ப்பதும் போதாது. குழியின் ரெசிஸ்டன்ஸ் 100 ஓம் இருந்தாலும் 60 வாட் பல்பு நன்றாகவே எரியும். 20 ஓம் உள்ள குழியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபேஸ் பாடியில் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுத்து 11.5 ஆம்பியர்தான் மண்ணுக்குப் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் துண்டிக்கும் ஸ்விட்ச்) அதற்கு ட்ரிப் ஆகாது, பாடியில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே குழியை எர்த் டெஸ்டரால் அளக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். எர்த்தே இல்லாத பழைய வீட்டுக்கும் குழி வெட்டும்வரை அந்த ஆர்.சி.சி.பி.யைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் நெடுநாளாக மனதில் இருக்கிறது. எந்தக் கடை எரிந்தாலும் மறுநாள் செய்தியில் 'மின்கசிவு காரணமாக' என்றே எழுதுகிறீர்கள். ஃபேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டினால் அது ஷார்ட் சர்க்யூட். இன்சுலேஷன் கெட்டு பாடிக்கோ மண்ணுக்கோ கரண்ட் போனால்தான் கசிவு. லூஸ் கனெக்ஷன் இரண்டிலும் சேராது. ஸ்க்ரூ முறுக்காத 16 ஆம்பியர் சாக்கெட்டில் கீஸர் ஓடினால் முனை சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகி, பிறகு பற்றும். கரண்ட் அளவோடுதான் போவதால் எம்.சி.பி.க்குத் தெரியாது, மண்ணுக்குப் போகாததால் ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், படிப்பவர் தன் வீட்டில் எதைச் சரிபார்ப்பார்? தங்கள் பத்திரிகையை மதிப்பவன் என்பதால் இது கூடுதலாக வலிக்கிறது.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், 'நியூட்ரலையும் எர்த்தையும் ப்ளக் பாயின்ட்டில் இணைக்கக் கூடாது. இணைத்தவர்கள் மெயினை ஆஃப் செய்துவிட்டு லைசென்ஸ் உள்ள மின் கம்பியாளரை வைத்து உடனே பிரித்துவிடுங்கள்' என்று வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின் கம்பியாளர் ஒருவர்,
மதுரை