லொஃப்ற் தாங்கியைக் கழற்ற முன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர்காலம் நெருங்க, "ஒரே நாளில் புது பொயிலர்" என்ற விளம்பரங்கள் தமிழ்ப் பத்திரிகைகளிலும் கடைக் கண்ணாடிகளிலும் கூடிவிடும். பெட்டியைச் சுவரில் மாட்ட ஒரு நாள் போதும்தான். ஆனால் லண்டனில் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம் பக்கத்துப் பழைய வீடுகளில் மாறுவது பொயிலர் மட்டுமல்ல. கூரைக்கு அடியில், லொஃப்றில் இருக்கும் சின்னத் தண்ணீர்த் தாங்கியை எடுத்துவிட்டு முழு ஹீற்றிங்கையும் வெளிக்காற்றுப் படாமல் அழுத்தத்தில் இயங்கும் மூடிய அமைப்பாக மாற்றுகிறார்கள். பின்னால் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு அங்கேதான் தொடங்குகிறது. விலை பேசும்போது அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

தாங்கி இருந்தவரை கீழ்த்தளக் குழாய்களில் இருந்தது அதன் உயரம் தந்த அழுத்தம் மட்டுமே. 5 மீற்றர் உயரம் என்றால் அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). மூடிய அமைப்பில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே 1 பார், சூடேறினால் 2 பார் வரை போகும். தரைப் பலகைக்கு அடியில் ஒரு பழைய இணைப்பு முன்பும் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும். தாங்கியின் மிதவை வால்வு சத்தமில்லாமல் அதை நிரப்பியதால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது பொயிலரின் அழுத்தமானி ஊசி இறங்கிக் காட்டிக் கொடுக்கிறது. பழி புதுப் பொயிலர் மேல் விழுகிறது.

ஆகவே பழைய பொயிலரைக் கழற்றியதும், லொஃப்றிலிருந்து இறங்கும் நிரப்பு குழாய், மேலே ஏறும் காற்றுக் குழாய் இரண்டையும் வெட்டி அடைத்து, சுற்றில் 2 பாருக்குத் தண்ணீர் ஏற்றி ஒரு மணி நேரமாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி இறங்கினால், புதியதை மாட்ட முன்னரே கசிவைத் தேடலாம். ரேடியேற்றர் வால்வுகளின் கழுத்தில் ஒரு ரிசூக் கடதாசித் துண்டைச் சுற்றிப் பார்த்தால் ஈரம் உடனே பிடிபடும்.

அடுத்தது எக்ஸ்பான்ஷன் வெசல். பத்து ரேடியேற்றர் உள்ள வீட்டில் ஏறக்குறைய 100 லீற்றர் தண்ணீர் சுற்றும். 10 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடானால் அது 3 லீற்றர் அளவு விரியும். அந்த 3 லீற்றருக்கும் இடம் கொடுப்பது பொயிலருக்குள் இருக்கும் இந்தத் தகரக் குடுவை. நடுவில் ரப்பர்ச் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். 8 லீற்றர் வெசலில் 8 லீற்றர் பிடிக்கும் என்று எண்ணவேண்டாம். காற்று 0.75 பாரில் இருக்க, 1 பாருக்குத் தண்ணீர் நிரப்பி 2.5 பார் வரை ஏறவிட்டால் 3 லீற்றர்தான் உள்ளே போகும். 1.5 பாருக்கு நிரப்பினால் அது 1.6 லீற்றராகக் குறைந்துவிடும். "கொஞ்சம் கூட நிரப்பி வைப்போம்" என்று 2 பாருக்கு ஏற்றுபவர்கள் அந்த இடத்தைத் தாங்களே அடைத்துவிடுகிறார்கள். பின்னறை கட்டி, லொஃப்றையும் அறையாக்கி 15 ரேடியேற்றர் போட்ட வீட்டுக்கு, பொயிலருக்கு வெளியே இன்னொரு வெசல் வேண்டும். இதை விலைப்பட்டியலில் எழுதித் தருபவர் கணக்குப் பார்த்திருக்கிறார் என்று நம்பலாம்.

காற்று இறங்கிய வெசலின் குணம் தெளிவானது. குளிரில் 1 பார் காட்டும் ஊசி சூட்டில் 3 பாரைத் தொடும், பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளும், ஆறியதும் ஊசி பூச்சியத்தில் நிற்கும். அந்த வால்விலிருந்து வந்து வெளிச்சுவரில் எட்டிப் பார்க்கும் 15 மி.மீ. செப்புக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்ரிக் பையை இரவில் தளர்வாகக் கட்டி வையுங்கள். காலையில் பையில் தண்ணீர் இருந்தால் வெசலையும் அந்த வால்வையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் ஒருமுறை திறந்த வால்வின் இருக்கையில் துரு சிக்கினால் அது சொட்டிக்கொண்டே இருக்கும். பை உலர்ந்திருந்தால் கசிவு பெரும்பாலும் வீட்டுக்குள்தான்.

இந்த இரண்டு கோளாறிலும் செய்யக்கூடாதது ஒன்றுதான்: வாராவாரம் ஃபில்லிங் லூப்பை, அதாவது தண்ணீர் நிரப்பும் இணைப்பை, திறந்து நிரப்பிச் சமாளிப்பது. புதுத் தண்ணீரோடு புது ஒட்சிசன் உள்ளே போகிறது. இரும்பு ரேடியேற்றர் உள்ளிருந்து துருப்பிடித்துக் கறுப்புச் சேறாகிறது. அந்தச் சேறு பம்பையும் பொயிலரின் வெப்பமாற்றியையும் அடைக்கிறது. ரேடியேற்றர் மேலே சூடாகவும் கீழே குளிராகவும் இருந்தால் சேறு. மேலே மட்டும் குளிர் என்றால் வெறும் காற்று. நிரப்பி முடிந்தபின் லூப்பின் குழாயைக் கழற்றி மூடி போட்டு வைக்கவேண்டும்.

எனவே அமைப்பைக் கழுவும் வேலையை விலையிலிருந்து வெட்டாதீர்கள். வடிகால் வால்விலிருந்து கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் போலத் தெளியும்வரை கழுவி, துருத்தடுப்பு மருந்து ஊற்றவேண்டும். 1 லீற்றர் போத்தல் பொதுவாகப் பத்து ரேடியேற்றருக்குக் காணும். பொயிலருக்குத் திரும்பி வரும் குழாயில் காந்த வடிகட்டி இருக்கவேண்டும்.

காஸ் குழாயையும் சொல்லாமல் விடமுடியாது. ஹீற்றிங்கோடு குழாய்ச் சுடுநீரையும் தரும் 30 கிலோவாட் கொம்பி பொயிலருக்குப் பழைய 15 மி.மீ. குழாய் பெரும்பாலும் போதாது, 22 மி.மீ. தேவைப்படும். பொயிலர் முழு வேகத்தில் எரியும்போது மீற்றரில் இருந்து பொயிலர் வரை 1 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் குறையக்கூடாது. பொயிலரின் புகை குளிர்ந்து உண்டாகும் நீர் வெளியேறும் குழாய் வீட்டுக்கு வெளியே போனால் 32 மி.மீ. ஆக, மீற்றருக்கு 45 மி.மீ. சரிவோடு, உறை போட்டு இருக்கவேண்டும். 2010 டிசம்பர்க் குளிரில் மெல்லிய குழாய்கள் உறைந்து நாடு முழுக்கப் பொயிலர்கள் நின்றன. உறைந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றலாம், கொதிநீர் கூடாது.

இந்த அளவுகளை எழுதுவதற்கென்றே பொயிலர்க் கையேட்டின் பின்பக்கங்களில் பெஞ்ச்மார்க் என்ற படிவம் இருக்கிறது. அது வெறுமையாக இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்க முன் நிரப்பித் தரும்படி கேளுங்கள். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் காஸ் சேஃப்பில் (காஸ் வேலை செய்ய அனுமதி உள்ளவர்களின் பதிவேடு) அந்த வேலை பதிவும் செய்யப்படவேண்டும். வீடு விற்கும்போது சட்டத்தரணி அந்தப் பதிவுக்கான சான்றிதழைக் கேட்பார்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். காஸ் வேலைக்கு விளம்பரம் தருபவர்களிடம் காஸ் சேஃப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, விளம்பரத்தோடு சேர்த்து அச்சிடுங்கள். அந்த எண்ணை வாசகர் இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். எண் தர மறுப்பவரின் விளம்பரத்தை எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஹீற்றிங் தொழிலில் உள்ள வாசகர்கள்,
ஹரோ