வெறும் புல் என்று சொன்னேன்

அன்பு மகளுக்கு,

நீ ஹோபார்ட்டிலிருந்து அனுப்பிய, புகைப்படக் கலைஞர் ரிக்கி மேனார்டின் புத்தகம் வந்து சேர்ந்தது. அதில் ஒரு புல்வெளிப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று போனில், "வெறும் புல்லை எடுத்து வைத்திருக்கிறார், இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். முப்பது வருடம் ஸ்டுடியோ இருட்டறையில் பிரிண்ட் போட்டவன் வாயிலிருந்து வரக்கூடிய கேள்வியா அது?

அந்தப் புல்வெளி, நீ இருக்கும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குப் பக்கத்துப் பிளிண்டர்ஸ் தீவின் வைபலென்னா என்று பிறகுதான் படித்தேன். டாஸ்மேனியாவில் வெள்ளைக் குடியேறிகள் துப்பாக்கியோடு நிலத்தைப் பிடித்தபோது தப்பிப் பிழைத்த பூர்வகுடிகளை, 1830களில், பாதுகாப்பு என்ற பெயரில் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஏறக்குறைய 200 பேர். 1847-இல் அங்கிருந்து திரும்பியவர்கள் 47. மாண்டவர்களில் பலருக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை. அந்தப் படத்துக்கு மேனார்ட் வைத்த தலைப்பு, 'காயம் ஆற்றும் தோட்டம்'. அதை என் மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் தலைப்பு வைக்க வேண்டியவர் அவர்தானே, நானில்லை.

எங்கள் காலத்துப் பொது அறிவுக் கேள்விகளில் ஒன்று நினைவுக்கு வந்தது: டாஸ்மேனியாவின் கடைசிப் பூர்வகுடி யார்? விடை, ட்ருகானினி, இறந்தது 1876. மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன். 1866-இல் சார்லஸ் வூலி என்பவர் அந்த அம்மாளை உட்காரவைத்து எடுத்த படம் இருக்கிறது. இறந்த பிறகு எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் 1947 வரை காட்சிக்கு வைத்திருந்தார்கள். இந்த மேனார்ட் பிறந்ததோ 1953-இல்! அதே மக்களின் வழிவந்தவர். கடைசி என்று எழுதியவனையும் அதை நம்பிய என்னையும் என்ன சொல்வது?

அதே புத்தகத்தின் 'உடைந்த இதயம்' படத்தை நேற்று ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. மேனார்டே கடல்நீரில் இறங்கி நிற்கிறார். முகம் நமக்கில்லை, கடலுக்கு. எங்கள் ஸ்டுடியோவில் ஒருவர் இப்படி முதுகைக் காட்டி நின்றிருந்தால், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க சார்" என்றிருப்பேன். முகத்தைக் காட்டச் சொல்லியே அந்த மக்களைப் படம் எடுத்த கேமராவுக்கு அவர் முகம் தரவில்லை. இது என் ஊகம்தான், நீ சிரிக்காதே.

விடுமுறையில் பிளிண்டர்ஸ் தீவுக்குப் போவதாகச் சொன்னாயே. வைபலென்னாவில் எனக்காகப் படம் எதுவும் எடுக்க வேண்டாம். அந்தப் புல் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, காற்று கடலிலிருந்து வருகிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா