கற்சிலுவைகளைத் தேடிய வழியில் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

இங்கிலாந்தின் இடைக்காலக் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் கற்சிலுவைகளைப் பற்றிய என் கட்டுரை ஒருவழியாக நிறைவுற்றது. அதற்குத் துணைநின்றவர்களுக்கு இம்மடல் வழியே நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் வரைவில், அச்சிலுவைகளை யாரோ பெரிய மனிதர்களின் கல்லறைச் சின்னங்கள் என்றே எழுதியிருந்தேன். எளிய மக்களுக்குத் தனித்தனி நடுகல் கிடைக்காத அக்காலத்தில், பெயரின்றிப் புதைக்கப்பட்ட ஊரார் அனைவருக்கும் பொதுவாக நின்றது அந்த ஒரே சிலுவைதான் என்று வரலாற்று ஆசிரியர் ஒருவர் பொறுமையாகத் திருத்தினார். அதன்பின் கட்டுரையை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அதற்காகவே அவருக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன்.

குருத்து ஞாயிறன்று பவனி ஆலயத்தைவிட்டு வெளியே வந்து, இச்சிலுவையருகே நின்று, நற்செய்தி வாசிக்கப்பட்ட முறையை விளக்கிய பங்குத்தந்தைக்கு என் வணக்கம். குருத்தோலைக்கு வழியில்லாத நாடாகையால் யூ, வில்லோ மரக்கிளைகளையே மக்கள் கையில் ஏந்தினார்களாம்.

கல்லறைத் தோட்டங்களில் சந்தை கூடக்கூடாது என்று 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் தடுத்ததைத் தேடித் தந்தவர் நூலகர். தடை விதிக்கும் அளவுக்கு அங்கே வியாபாரம் நடந்திருக்கிறது என்பதுதானே அதன் பொருள்! சிலுவைகளை அகற்றச் சொன்ன 1643ஆம் ஆண்டின் நாடாளுமன்ற ஆணையையும் அவரே எடுத்துக் கொடுத்தார். தலைப்பகுதி உடைபட்ட தூண்கள் சிலவற்றின் மீது பிற்காலத்தில் சூரியக் கடிகாரம் ஏறியது.

சதுரமாகத் தொடங்கும் தூண் சற்று மேலே எண்கோணமாக மாறும் இடத்தையும், அடிக்கல்லின் குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றித் தூணை இறுக்கியிருப்பதையும் விரல் வைத்துக் காட்டிய கல்தச்சருக்கும் நன்றி. அவர் காட்டியிராவிட்டால் அவற்றைக் கவனிக்காமலே கடந்திருப்பேன்.

இறுதியாக, குளோஸ்டர்ஷயரில் சைரன்செஸ்டருக்கு அருகே, பெயரிலேயே சிலுவையைத் தாங்கிய ஆம்ப்னி குரூசிஸ் என்னும் ஊரில், மழையையும் பொருட்படுத்தாமல் ஆலயத்தைத் திறந்துவிட்ட பெரியவர். அவ்வூர்ச் சிலுவையின் சிற்பத் தலைப்பகுதி, ஆலயத்துக்குள் ஒரு படிவழியில் சுவரெழுப்பி மூடப்பட்டுக் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதிலுள்ள கவச வீரரின் உருவத்தை நான் சரியாகப் பார்க்கட்டும் என்று, அவர் தம் குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். கட்டுரைப் படி ஒன்றை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழ் தெரியாவிட்டாலும் படங்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
கட்டுரையாளர்